மின்னல் மேல் போட்ட பழி

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எனக்குச் சோறு போட எழுந்துபோகும் என் விசாலம் அண்ணிக்கு,

உங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பிசிக்ஸ் டீச்சர் விசாலாட்சி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, நாத்தனார் என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஆள் அனுப்பினார். "பொறுமையின் சிகரம்னு எழுதச் சொன்னாங்க" என்றாள் வந்த பெண். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் பொறுமையின் சிகரமா? பால்காரரை நடுத்தெருவில் நிற்க வைத்து, லேக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுப் பாடம் நடத்தியவர் ஆயிற்றே!

ஒரு பக்கத்தில் அடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் பெருமையை எழுத வேறு ஆள் இருக்கிறார்கள். நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் அண்ணி. அதை நம்பிக்கொண்டே நீங்கள் போய்விட்டீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் திருப்பித் தரட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததையும் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்களுக்கு ஒரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் கறுப்புத் தாளில் சுற்றிய சின்ன பிலிம். உறையில் செம்பு, ஈயம் என்று சில பட்டைகள் பதித்திருக்கும். கோட்டில் குத்திக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிலிமை பம்பாய்க்கு அனுப்பினால், அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து நம் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதுவார்கள். ரேஷன் கடைத் தராசு மாதிரிதான். அளக்கும், தடுக்காது.

எழுபத்தொன்பதில் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பிலிம் அனுமதித்த அளவைத் தாண்டி ரொம்பவே கறுத்திருக்கிறது, காரணம் தெரிவிக்கவும் என்று நாலு வரி. அப்போது எனக்கு மூன்றாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை.

ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஜெயா, நான் ஒளிச்சுப் பேசல. இவ்ளோ கதிர் வயித்துல பட்டிருந்தா குழந்தை எப்படிப் பொறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு முடிவுக்கு வா. ஒரு மாசம் தள்ளிப் போச்சுன்னா கலைக்கறதும் கஷ்டம்" என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பஸ் டிபோவுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த மனுஷன் பயத்தில் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு டிபன் பாக்ஸை எடுத்து அவர் மேலேயே எறியலாம் போல இருந்தது.

நேராகப் பே கோபுரத் தெருவுக்கு வந்தேன், உங்கள் வீட்டுக்கு. நீங்கள் அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்டீர்கள்.

"கோட்டை எங்க மாட்டுவே?"

"டார்க் ரூம் வாசல்ல ஆணி இருக்கு. மருந்துக் கறை படும்னு உள்ள போறப்போ கழட்டி மாட்டிடுவேன். கூட்டம் ஜாஸ்தின்னா அதைப் போடாமலே வந்து படம் எடுத்துடுவேன்."

"ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஆஸ்பத்திரி வேப்பமரத்துல இடி விழுந்துச்சே. மரம் எந்தப் பக்கம்?"

"அந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான்."

"அப்போ கோட்டு?"

"ஆணியிலதான் இருந்துச்சு. ஏன் அண்ணி?"

உங்கள் முகம் மாறியது. எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்தீர்கள். மின்னலே எக்ஸ்ரே உண்டாக்கலாம் என்று வெளிநாட்டில் ஒருவர் நம் அப்பன் காலத்திலேயே எழுதியிருக்கிறார், இன்னும் யாரும் நிச்சயமாக நிரூபிக்கவில்லை என்றீர்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தேர் இழுக்கறப்போ பாரு" என்றீர்கள். "மொத அடி நகர்த்தறதுக்குள்ள உசுரு போகும். ஓட்டம் புடிச்சுட்டா முட்டுக்கட்டை போட்டாதான் நிக்கும். மேகத்துக்குள்ள எலெக்ட்ரானைக் காத்து மறிச்சு மறிச்சு நிறுத்திக்கிட்டே இருக்கும். ஆனா மின்சாரத்தோட தள்ளு ஜாஸ்தியாயிட்டு, ஏற்கனவே வேகமா வர எலெக்ட்ரான் ஒண்ணு சிக்கிச்சுன்னா, காத்தோட தடை அதுக்குக் கம்மி. நிக்காம ஓடும். ஓடி ஒரு அணுகிட்ட திடீர்னு திரும்புதுன்னா அங்க எக்ஸ்ரே கிளம்பும். உன் எக்ஸ்ரே டியூப்புல நடக்கறதும் அதேதானே?"

"அப்போ என் பேட்ஜைக் கறுக்க வெச்சது மின்னலா?"

"இருக்கலாம்னுதான் சொல்றேன்."

அந்த "இருக்கலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அடுத்த மூன்று வாரம் உயிரோடு இருந்தேன். வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முறை சுவிட்சை அழுத்தும்போதும் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு படம் எடுத்தேன். கையால் மூடினால் எக்ஸ்ரே நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை தானாகப் போகும்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. என்னிடம் பிலிம் துண்டுகளை வாங்கி, கறுப்புத் தாளில் சுற்றி, மழை புகாமல் மெழுகு பூசி, மொட்டை மாடிக் கொடிக் கம்பத்தில் கட்டினீர்கள். ஐப்பசி அடைமழை. மலை உச்சியில் கருமேகம் வந்து உட்கார்ந்தால் போதும், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மாடி ஏறிவிடுவீர்கள். ஒரு சாயங்காலம் மலைக்குப் பின்னால் வெட்டிய மின்னலில் தெருவே வெள்ளையாகிப் போனது. நான் படிக்கட்டில் நின்று கத்தினேன்.

"கீழ வாங்க அண்ணி! உங்க தலையில விழப் போவுது!"

"வயித்துப் புள்ளக்காரி, நீ உள்ள போடி! ஒரு பொட்டலம் அவுந்துட்டிருக்கு!"

இறங்கி வந்ததும் ஈரப் புடவையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். குளிர் என்றீர்கள். குளிரா அது?

ஏழு பிலிம் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி டார்க் ரூமில் இரண்டு பேரும் நின்று கழுவினோம். சிவப்பு விளக்கில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கறுத்தால் போதும், என் பிள்ளை பிழைத்துவிடும் என்று மனதுக்குள் அண்ணாமலையாரை வேண்டினேன். ஏழும் வெறுமையாக இருந்தன.

"மரத்துல விழுந்தப்போ ரொம்பக் கிட்ட இருந்துச்சு. இது தூரத்து மின்னல். அதனால இருக்கலாம். தெரியல ஜெயா" என்றீர்கள்.

"தெரியும்னு சொல்லுங்களேன்! பொய்யாவது சொல்லித் தொலைங்களேன்!"

"இதுல பொய் சொன்னா நாளைக்கு நீ என்னை மன்னிக்க மாட்டே."

அதற்குள் நீங்கள் பம்பாய்க்கு எழுதியிருந்த கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. என் பிலிமில் எந்தப் பட்டைக்குக் கீழே எவ்வளவு கறுப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஈயப் பட்டைக்குக் கீழே வெளுப்பு, திறந்த இடத்தில் கடும் கறுப்பு, பட்டைகளின் நிழல் ஓரங்கள் கலங்கல் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்ததிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"மின்னல் இல்ல ஜெயா. நான் நெனச்ச மின்னல் கதிரா இருந்தா பாதியாவது ஈயத்தைத் தாண்டிப் போயிருக்கும். இது நின்னுடுச்சு. இது உங்க டியூப் கதிர். அதுவும் ஆணியில அசையாம தொங்கியிருந்தா நிழல் ஓரம் கத்தி மாதிரி விழும். இது கலங்கியிருக்கு. பேட்ஜை யாரோ உடம்புல மாட்டிக்கிட்டு டியூப்புக்குக் கிட்டவே நடமாடியிருக்காங்க."

"யாரோன்னா? அது என் பேட்ஜ். நான்தானே! நான் பொய் சொல்றேன்கறீங்களா?"

"பிலிம் சொல்லுது. நான் சொல்லல."

கையிலிருந்த காபி டம்ளரைச் சுவரில் அடித்தேன். இன்னொரு வீட்டு மனுஷி இருந்தால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பாள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், பின்னாலேயே அண்ணன் கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிடும்போது, ஒருவேளை வேறு யாராவது எடுத்திருந்தால் என்ற எண்ணம் முதல் முறையாக வந்தது.

மறுநாள் காலை கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு டார்க் ரூமுக்குள் போனேன். பிலிம் எதையும் வெளியே எடுக்கவில்லை. கதவுத் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கி வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. நெஞ்சுப் படம். அந்த மாதிரிப் பிள்ளைகளை அசையாமல் பிடித்துக்கொள்வது குப்பம்மா ஆயா. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவர். அந்த வருஷம் இருமல் பிள்ளைகள் நிறைய. தினம் நாலு பேரையாவது பிடித்திருப்பார்.

ஆயா கோட்டுப் பக்கம் வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பேட்ஜைக் கழற்றி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு குழந்தையைப் பிடிக்கப் போனார்.

நான் வெளியே வந்து நின்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கோச்சுக்காதம்மா. நீ இதைக் குத்திக்கினு இருக்கறதாலதானே உனக்கு ஒண்ணும் ஆவல? நான் தெனம் புள்ளைங்களப் புடிக்கிறேன். எனக்கும் கொஞ்சம் காபந்தா இருக்கட்டுமேன்னு எட்த்தேன். உடனே வெச்சிடறேன். எட்த்தா தேஞ்சா பூடும்?"

அண்ணி, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆயாவைக் கட்டிக்கொண்டேன். என் மேல் படவில்லை. என் பிள்ளை மேல் படவில்லை! அந்த ஒரு மணி நேரம், அப்படியானால் யார் மேல் பட்டது என்று நான் நினைக்கவே இல்லை. ரிக்‌ஷா பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். துடைத்த கையோடு கேட்டீர்கள்:

"சரி. அப்போ அந்தம்மா கதி?"

உண்மையை அப்படியே பம்பாய்க்கு எழுது, ஆயாவுக்கு ஒரு பேட்ஜும் ஏப்ரனும் கேள், ஒரே ஆளைத் தினமும் பிடிக்க வைக்காதே என்றீர்கள். நான் டாக்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"ஆயா எடுத்தான்னு எழுதினா, அவளுக்கு ஏன் பேட்ஜ் இல்லன்னு கேப்பாங்க. ரூமை மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க. நான் அவளை நிறுத்திடுவேன், வேற வழியில்ல. மரத்துல இடி விழுந்தது நெஜம்தானே? உங்க அண்ணியே சொன்னாங்களே, மின்னலால இருக்கலாம்னு. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு. யாருக்கும் நஷ்டமில்ல."

போட்டேன் அண்ணி. ஆயாவின் வேலைக்காகத்தான் போட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் பயம் தீர்ந்துவிட்டது, இதோடு விட்டால் போதும் என்று இருந்தது, அதுதான் நிஜம். உங்களிடம் வந்து, "உண்மையைத்தான் எழுதினேன்" என்றேன்.

நீங்கள் விடுவீர்களா? பார்க்கும்போதெல்லாம், "ஆயாவுக்கு பேட்ஜ் வந்துச்சா?" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். வரும், வரும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆயாவும், "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குட்றீயாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய உறை அகப்பட்டது. உள்ளே பிலிம் கிடையாது. வெறும் பிளாஸ்டிக். அதைத் துடைத்து ஆயா கையில் கொடுத்தேன். "இந்தா ஆயா, இது உனக்கே. என்னுதைத் தொடாதே" என்றேன். மறுநாள் அவர் எனக்கு ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்தார், சொந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை. உங்களிடம், "வந்துடுச்சு அண்ணி" என்று சொன்னேன்.

உமா குறை ஒன்றும் இல்லாமல் பிறந்தாள். விரலை எல்லாம் எண்ணிப் பார்த்து முதலில் வாங்கிக்கொண்டது நீங்கள். அதற்கப்புறம் பேட்ஜைப் பற்றி நாம் பேசவே இல்லை.

போன வருஷம் உங்களை நெஞ்சுப் படத்துக்கு அழைத்து வந்தார்கள். நிற்க முடியவில்லை உங்களால். ஆயாதான் பின்னால் நின்று தாங்கிப் பிடித்தார். அப்போது அவர் இடுப்பில் செருகியிருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்து, "நல்ல காரியம் பண்ணே ஜெயா" என்றீர்கள். மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை, இரண்டு தடவையாகச் சொன்னீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அசையாதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் சுவிட்சை அழுத்தினேன். பன்னிரண்டாம் நாள் நீங்கள் இல்லை.

போன வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை விரித்துக் காட்டினார். விமானத்தில் கருவி வைத்து இடிமேகத்துக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார்கள். மின்னல் வெட்டுவதற்குச் சில நொடி முன்னால் எக்ஸ்ரே கூடுகிறதாம், வெட்டியதும் சட்டென்று இறங்கிவிடுகிறதாம். ஓட்டம் பிடித்த எலெக்ட்ரான்தான் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இன்னும் முழுசாகத் தெரியவில்லை, காற்றே அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால் கீழே இருந்து பார்ப்பது கஷ்டம் என்றும் இருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அப்படியானால் உங்கள் ஏழு பிலிமும் தப்பில்லை, உங்கள் "இருக்கலாம்" என்பதும் தப்பில்லை! பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு பே கோபுரத் தெருவுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. யாரிடம் காட்ட?

"உங்க அண்ணி ஜெயிச்சுட்டாங்க" என்று டாக்டர் சிரித்தார். "பாத்தியா, அன்னிக்கு நாம எழுதினதும் பொய்யில்லன்னு ஆயிடுச்சு."

பத்திரிகையை மடித்து அவர் மேஜையில் வைத்தேன். நீங்கள் இடிமழையில் நனைந்து தேடியது இது. தேடி, உங்களுக்கு எதிராக பிலிம் சொன்னதும் அதை ஒப்புக்கொண்டவர் நீங்கள். அதை எடுத்து எங்கள் பொய்க்குப் போர்த்துவதா? "அது பொய்தான் டாக்டர். இப்பவும் பொய்தான்" என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது.

அன்றைக்கே ஆயாவை என் எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பேட்ஜ் காப்பாற்றாது, வெறுமனே அளக்கும் என்று. அவரிடம் நான் கொடுத்தது அளக்கக்கூட அளக்காது என்று.

அவர் இடுப்பிலிருந்து அதை எடுத்துப் பார்த்தார். மூலையில் மஞ்சள் ஏறி, வழவழப்பாகிவிட்டிருந்தது.

"அப்போ இத்தினி வருசமா இன்னாத்த சொருவிக்கினு இருந்தேன் நானு?"

ஆயா அதை மேஜை மேல் வைத்தார்.

"உம் பொண்ணு வயித்துல இருக்கசொல்ல நீ எப்பிடிப் பயந்த? சோறு தண்ணி எறங்காம கெடந்தியே. அந்தப் பயத்துல கொஞ்சம் எனக்கும் குட்த்திருந்தா நானும் உசாரா இருந்திருப்பேன் இல்லம்மா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஆயா பழக்கத்தில் எழுந்தார். பிறகு நின்று என்னைப் பார்த்தார். "வேணாம் ஆயா, உக்காருங்க" என்றேன். ஏழு வருஷத்தில் அவரை முதல் முறையாக வாங்க, உட்காருங்க என்று பேசினேன். குழந்தையின் அப்பாவுக்கு ஏப்ரனைக் கட்டிவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். இவ்வளவு சுலபமான காரியம் அண்ணி. இதைச் செய்ய எனக்கு என்ன கேடு வந்தது இத்தனை நாள்?

வேலூருக்கு அழைத்துப்போய் ஆயாவுக்கு ரத்தம் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். எத்தனை பிள்ளைகளை அவர் பிடித்தார், எவ்வளவு பட்டது என்று இனி எந்த பிலிமும் சொல்லாது. சொல்லவிடாமல் செய்தவள் நான்.

இன்று காலை பம்பாய்க்கு ரிஜிஸ்தர் தபாலில் எழுதிவிட்டேன். எழுபத்தொன்பதில் கையெழுத்துப் போட்டது பொய், பேட்ஜைப் போட்டிருந்தவர் குப்பம்மா, அவருக்கு பேட்ஜ் கொடுக்கப்படவில்லை என்று என் பெயரில். திருத்திக் கொடுக்க நீங்கள் இல்லாததால் இங்கிலீஷில் தப்பு இருக்கும். டாக்டர் என்னோடு பேசுவதில்லை, வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. ஆயாவை நிறுத்தினால் நானும் வெளியே வருவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இனி எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும், ஒரு பிள்ளையைப் பிடிக்க வருகிறவருக்கு அவர் மேல் என்ன படப்போகிறது என்று சொல்லாமல், உடம்பை மறைக்க ஏப்ரன் கொடுக்காமல் நான் சுவிட்சைத் தொட மாட்டேன் அண்ணி. அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்து, நல்ல காரியம் பண்ணே என்றீர்கள். அந்தப் பாராட்டை நான் திருப்பித் தருகிறேன். நிஜமாகவே பண்ணிவிட்டு ஒரு நாள் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்களிடம் பொய் சொன்ன, இனிச் சொல்லாத,
உங்கள் நாத்தனார்
ஜெயா